பழைய காரும் தவழும் பிள்ளையும்

மாடியில் அறை எடுக்கும்போதே ஷெட்டில் கிடக்கும் அப்பா காலத்து அம்பாசிடரையும் புதுப்பித்துவிட வேண்டும் என்று ஆண்களுக்கு ஓர் ஆசை! 2014-இல் தயாரிப்பே நின்றுபோன வண்டி, ஆசை நியாயம்தான். ஆனால் சகோதரிகளே, பெயிண்ட் சுரண்டும் இடத்தில் தவழும் குழந்தை வேண்டாம். கர்ப்பிணிகளும் போகாதீர்கள். காரோ, பழைய ஜன்னலோ, அந்தக் காலப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்துக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாதென்ற விதியே 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. தூசி கைவழியே வயிற்றுக்குள் போனால் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

உப்புத்தாளால் உலரத் தேய்க்காமல், தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்க்கச் சொல்லுங்கள். தரையைப் பெருக்கினால் தூசி பறக்கும், ஈரத்துணியால் துடையுங்கள். லுங்கி, சட்டையைத் தனியாகத் துவையுங்கள். எங்க வீட்டுக்காரர் முணுமுணுத்தார்தான். குளித்துவிட்டு வந்த பிறகே பேரனைக் கையில் கொடுத்தேன்.