தையலோடு முடிவதில்லை தோள் சிகிச்சை

அறுவை சிகிச்சைக் கூடத்திலிருந்து வெளியே வந்ததுமே தோள் குணமாகிவிட்டது என்றும், அதன்பின் ஓய்வும் மாத்திரையும் போதும் என்றும் புதுச்சேரியிலும் அதையொட்டிய தமிழகப் பகுதிகளிலும் பரவலாக நம்பப்படுகிறது. படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடின்றி வேரூன்றியுள்ள இந்நம்பிக்கை, தேர்ந்த கைகளால் செய்யப்பட்ட அறுவை சிகிச்சையையும் வீணாக்கவல்லது என்பதால் வன்மையாகக் கண்டிக்கத்தக்கது. 'ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது' என்று வீட்டார் நிம்மதி அடையும் வேளையில் உண்மையில் முடிந்திருப்பது தையல் மட்டுமே.

மனித உடலின் மூட்டுகளில் மிக அதிகமாக அசைவது தோள் மூட்டு. மேற்கை எலும்பின் பெரிய பந்து, அதைவிடச் சிறிய, ஆழமற்ற குழியில் அமர்ந்திருப்பதால், அதை நிலைநிறுத்தும் பொறுப்பு பெரும்பாலும் நான்கு தசைகளின் நார்கள் சேர்ந்து அமைந்த சுழல் தசைநார்ப் பட்டையையே சார்ந்திருக்கிறது. வயதாலோ விபத்தாலோ அந்த நார் கிழியும்போது, சிறு துளைகள் வழியே நுண்கருவிகளைச் செலுத்தி, எலும்பில் நங்கூரம் எனப்படும் சிறு பிடிப்பான்களைப் பதித்து, அவற்றின் நூலால் நாரை இழுத்துக் கட்டுகிறார் மருத்துவர். அந்த நூல் நாரை எலும்போடு ஒட்டவைப்பதில்லை. உடல் தானே ஒட்டவைக்கும்வரை அதை இடத்தில் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவே. பாகூர் வயலில் நட்ட நாற்றை, வேர் பிடித்ததா என்று மறுநாளே இழுத்துப் பார்ப்பவர் எவருமில்லை. தைத்த நாருக்கும் அதே பொறுமை வேண்டும். கிழிசலின் அளவுக்கேற்ப மாறுமெனினும், பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஸ்லிங் எனப்படும் கைத்தாங்கியும், ஏறத்தாழ 12 வாரங்களுக்குப் பின்னரே எடையோடு கூடிய பயிற்சியும், முழுப் பயன் கிடைக்க 6 மாதம் முதல் ஓராண்டும் தேவைப்படுகின்றன.

அறுவை மேசையிலேயே குணமாகிவிட்டது என்ற எண்ணத்திலிருந்து ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு தவறுகள் பிறக்கின்றன. ஒன்று அவசரம். மூன்றாம், நான்காம் வாரத்தில் வலி தணிந்ததும், கை சரியாகிவிட்டதென்று கருதித் தண்ணீர் வாளியைத் தூக்குவதும், ஸ்கூட்டரின் ஆக்சிலேட்டரைத் திருகுவதும், பரணில் இருக்கும் பாத்திரத்தை எட்டி எடுப்பதும் நிகழ்கின்றன. வலி குறைவது நார் ஒட்டிவிட்டதற்கு அடையாளமல்ல என்பதை அறியாததால், நார் மறுபடியும் கிழிய இடம் ஏற்படுகிறது. மற்றது அச்சம். கையை அசைத்தால் தையல் விட்டுவிடும் என்று பயந்து, மருத்துவர் கழற்றச் சொன்ன பின்னும் கைத்தாங்கியை மாதக்கணக்கில் மாட்டியிருப்பவரின் மூட்டுறை சுருங்கி, கை தலைக்கு மேல் எழாமற்போகிறது. எண்ணெய் நீவல் இயன்முறைச் சிகிச்சைக்கு ஈடாகும் என்ற எண்ணமும் இவற்றோடு சேர்ந்துகொள்கிறது. இன்னும் ஒட்டிவரும் நாரின்மேல் அழுத்தி நீவுவது ஆபத்தானது.

இவ்விரு தவறுகளுக்கும் இடைப்பட்ட வழி எளிய அசைவுகளால் ஆனது. நல்ல கையால் மேசையைப் பற்றி முன்னே குனிந்து, அறுவை செய்த கையைத் தொங்கவிட்டு, உடலை மெல்ல ஆட்டுவதன்மூலம் கை தானாகச் சிறு வட்டமிடச் செய்யும் ஊசல் பயிற்சி அவற்றுள் ஒன்று. இப்பயிற்சியோடு பெயர் இணைந்துள்ள பாஸ்டன் மருத்துவர் எர்னஸ்ட் காட்மன், கிழிந்த தோள் நாரைத் தைத்த முன்னோடிகளுள் ஒருவர். ஒவ்வொரு நோயாளியையும் நீண்ட காலம் தொடர்ந்து கவனித்து, சிகிச்சை உண்மையில் பயன் தந்ததா என்று பதிவுசெய்ய வேண்டும் என வாதிட்டு, அதற்காகவே சக மருத்துவர்களின் பகையைத் தேடிக்கொண்டவரும் அவரே. அத்தகைய நீண்ட காலக் கவனிப்பு ஏன் தேவை என்பதை இன்னொரு நிகழ்வும் காட்டுகிறது. 1893இல் பாரிஸில் ஜூல் எமில் பேயான், காசநோயால் சிதைந்த தோளுக்குப் பிளாட்டினத்தாலும் ரப்பராலும் ஆன செயற்கை மூட்டைப் பொருத்தியது அக்காலத்தின் பெரும் சாதனை. ஆயினும் தொற்று மீண்டதால் ஏறத்தாழ 2 ஆண்டுகளில் அதை அகற்ற நேர்ந்தது. அறுவை நடந்த நாளில் எவராலும் தீர்ப்புச் சொல்லியிருக்க முடியாது.

அறுவைக்கு முந்தைய ஆயத்தமும், அறுவையோடு எல்லாம் குணமாகிவிடும் என்ற அதே நம்பிக்கையால் புறக்கணிக்கப்படுகிறது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வில், நீரிழிவில் கோவாவுக்கு (26.4%) அடுத்த இடத்தில் புதுச்சேரி (26.3%) நின்றது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு உயர்ந்திருப்பவர்களுக்கு அறுவைக்குப் பின் தொற்றும் மூட்டு இறுக்கமும் நேரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது இவ்வூரில் தோள் சிகிச்சையின் முதற்படியாகவே கருதப்பட வேண்டும். புகையிலை, நாருக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைத்து, அது ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது. இவற்றோடு, வலக்கையால் உண்டு பழகியவர் இடக்கையால் கரண்டி பிடிக்கவும், சாய்ந்த நிலையில் உறங்கவும், முன்பக்கம் திறக்கும் சட்டையை அறுவை செய்த கையில் முதலில் மாட்டி, கழற்றும்போது அக்கையிலிருந்து கடைசியாக எடுக்கவும் முன்கூட்டியே பழகுவது பின்வரும் வாரங்களின் துன்பத்தைப் பெரிதும் குறைக்கும்.

பழி முழுவதையும் நோயாளிமேல் சுமத்துவது நியாயமன்று. புதுச்சேரியிலும் நடைமுறையில் உள்ள ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம், வீடு திரும்பியபின் 15 நாள் செலவுகளையே ஏற்கிறது. தோளுக்கோ அரை ஆண்டுக்கும் மேலான கவனிப்பு வேண்டும். 1823இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனைக்கு விழுப்புரம், கடலூர் மாவட்டங்களிலிருந்தெல்லாம் நோயாளிகள் வருகின்றனர். அவ்வளவு தொலைவிலுள்ள கூலித் தொழிலாளி, வாரம் இருமுறை ஒருநாள் சம்பளத்தை இழந்து பேருந்தேறி இயன்முறைச் சிகிச்சைக்கு வருவார் என்று எதிர்பார்ப்பது கொடுமை. எந்த வாரத்தில் எந்த அசைவு, எது கூடாது என்பதைத் தமிழில், படத்தோடு அச்சிட்டு, வீட்டுக்கு அனுப்பும் சீட்டோடு கொடுப்பது மருத்துவமனைகளின் கடமை. வில்லியனூர், அரியாங்குப்பம், பாகூர் போன்ற இடங்களில் வீட்டுக்கு அருகிலேயே இயன்முறைச் சிகிச்சை கிடைக்கச் செய்வது அரசின் கடமை. நோயாளிகளும் குடும்பத்தாரும் அறுவைக்கு நாள் குறிக்கும் அன்றே, முதல் பயிற்சி எந்த நாளில், யாரிடம் என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காமல் எந்த ஒப்புதல் படிவத்திலும் கையெழுத்திட வேண்டாம்.