கூடம் கோணல்தான்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்தப் பழமொழியைச் சொல்லிச் சிரிக்காத வீடு எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் இருக்காது. சங்கீதமும் சதிரும் வளர்ந்த சீமை. கூடத்தின் லட்சணமும் தெரியும், ஆடுகிறவளின் லட்சணமும் தெரியும். ஆனால் எனக்கு வெகுநாளாக ஒரு சந்தேகம். இந்தப் பழமொழியைச் செய்தது யார்? ஆடினவளாக இருக்க முடியாது. கூடத்தைக் கட்டின கொத்தனாராகவோ, கட்டச் சொன்ன எஜமானராகவோதான் இருக்க வேண்டும். கூடம் நிஜமாகவே கோணலாக இருந்திருந்தால்? யாரும் நூல் பிடித்துப் பார்த்ததாகப் பழமொழி சொல்லவில்லை.

வீட்டில் இது வெறும் கேலி. பட்டாளத்தில் இதே கேலி உயிரைக் குடித்திருக்கிறது. துப்பாக்கியில் சுட்ட தோட்டாவின் கூடு சிக்கிக்கொண்டு நிற்கிற சமாசாரத்தைத்தான் சொல்கிறேன்.

துப்பாக்கியைத் தொடாதவர்களுக்கும் இது புரியும். கும்பகோணத்துப் பித்தளை டம்ளர் ஒன்றுக்குள் ஒன்று இறுகிக்கொண்டால் வீட்டுப் பெண்கள் என்ன பாடு படுகிறார்கள்! தோட்டாக் கூடும் ஒரு குட்டிப் பித்தளை டம்ளர்தான். மருந்து வெடிக்கும்போது அது உப்பி, தோட்டா அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. கண் இமைப்பதற்குள் கொஞ்சம் சுருங்கிச் சுவரை விடுகிறது. உடனே ஒரு சிறு கொக்கி அதன் விளிம்பைப் பற்றி வெளியே இழுத்து எறிகிறது. அறையில் துருவோ கரியோ இருந்தால், அல்லது அறையையே பிசகாகக் கடைந்திருந்தால், கூடு சுவரை விடாது. கொக்கி விளிம்பைக் கிழித்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்பும். அடுத்த தோட்டாவுக்கு இடமில்லை.

எடுப்பதற்கு வழி உண்டு. குழல் வாயை ஆள் இல்லாத பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, மிச்சத் தோட்டாக்களைக் கழற்றிவிட்டு, உள்ளே இருப்பது வெறும் கூடுதானா, வெடிக்காத தோட்டாவா என்று நிச்சயம் செய்துகொண்டு, அதன் பிறகு குழல் வழியாகக் கம்பியை விட்டுத் தள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் நிதானம் வேண்டும், கம்பி வேண்டும். எதிரே சுட்டுக்கொண்டிருப்பவன் அதுவரை காத்திருக்க வேண்டும்!

1915 ஏப்ரலில் பெல்ஜியத்து ஈப்ர் போர்முனையில் கனடாக்காரர்கள் கையில் ராஸ் என்ற ரைஃபிள் இருந்தது. குறி பார்த்துச் சுடும் பந்தயங்களில் பேர் வாங்கினது. சேற்றில் இறங்கி, பிரிட்டிஷ் தோட்டாவைப் போட்டு வேகமாகச் சுட்டதும் இறுகிக்கொண்டது. சிப்பாய்கள் போல்ட்டைப் பூட்ஸ் காலால் உதைத்தார்கள்; மண்வெட்டியால் அடித்தார்கள். உயிரோடு மிஞ்சிய 5000 பேரில் 1400 பேருக்கு மேல் அதை எறிந்துவிட்டு, கீழே கிடந்த பிரிட்டிஷ் துப்பாக்கிகளைப் பொறுக்கிக்கொண்டார்கள். அந்த நாட்டு மந்திரி சாம் ஹியூஸ் கடைசிவரை ராஸை விட்டுக்கொடுக்கவில்லை. 1916-ல் ராஸும் போயிற்று, அவர் பதவியும் போயிற்று.

அரை நூற்றாண்டு கழித்தாவது புத்தி வந்ததா? வியட்நாம், நம் ஊரைப்போல நெல் வயலும் சேறும் ஈரக்காற்றுமான பூமி. அமெரிக்கர்கள் எம்-16 என்ற புதுத் துப்பாக்கியோடு அங்கே போனார்கள். அதற்கு அதிகம் துப்புரவு வேண்டாம் என்ற பேச்சு பரவியிருந்தது. துடைக்கிற சாமான்களும் போதுமான அளவு கொடுக்கவில்லை. தோட்டாவின் மருந்தையோ நடுவில் மாற்றியிருந்தார்கள். துரு ஏறாமலிருக்க அறைக்குக் குரோமியப் பூச்சும் இல்லை. கூடுகள் சிக்கின. 1967 மே மாதம், ஒரு சிப்பாய் வீட்டுக்கு எழுதிய கடிதம் அமெரிக்கக் காங்கிரஸில் வாசிக்கப்பட்டது. செத்துக் கிடந்த தோழர்களின் பக்கத்தில், அவர்கள் பழுது பார்க்கப் பிரித்த துப்பாக்கிகளும் கிடந்தன என்று எழுதியிருந்தான். அதுவரை மேலதிகாரிகள் சொல்லிவந்தது என்ன? பையன்கள் சரியாகத் துடைப்பதில்லை! விசாரித்த காங்கிரஸ் கமிட்டி, மருந்தை மாற்றியதில் கோளாறு என்று கண்டு, திருத்தாமல் இருந்த அதிகாரிகளின் அசட்டை ஏறக்குறையக் குற்றம் என்றே எழுதிற்று. அறைக்குப் பூச்சு வந்தது. துடைக்கிற சாமான் வந்தது. 1968-ல் வில் ஐஸ்னர் என்ற சித்திரக் கதைக்காரரைக் கொண்டு, துப்பாக்கியைப் பேணும் விதத்தைப் படக்கதையாகவே போட்டுக் கொடுத்தார்கள். சாவுக்குப் பிறகு வந்த சாமான்கள்.

"நெல் விளைகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு உமக்கு ஏன் ஐயா இந்தக் கவலை?" என்று கேட்பீர்கள். காவேரிக் கரையில், திருச்சியில், 1966-லிருந்து துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. இன்சாஸ் ரைஃபிளைச் செய்த இடங்களில் அதுவும் ஒன்று. 2005 ஆகஸ்டில் நேபாளத்தில் மாவோயிஸ்டுகளோடு நடந்த சண்டையில் 43 சிப்பாய்கள் மாண்டார்கள். இந்தியா கொடுத்த இன்சாஸ் துப்பாக்கிகள் சண்டை நடுவில் மக்கர் செய்தன என்றது அந்நாட்டு ராணுவம். நம் தரப்பு பதில் என்ன தெரியுமா? சரியாகக் கையாளாமலும் பராமரிக்காமலும் இருந்திருக்கலாம். அதாவது, ஆடத் தெரியாதவள்.

துடைக்காத சோம்பேறிச் சிப்பாயே கிடையாது என்று நான் வாதாடவில்லை. பதிலில் உண்மைகூட இருக்கலாம். ஆனால் அது விசாரணைக்குப் பிறகு வர வேண்டிய பதில். முதல் வார்த்தையாக வரும்போதுதான் எனக்குச் சந்தேகம் வருகிறது. கணக்கு சுலபமானது. ஒருவன் துப்பாக்கி சிக்கினால் அவனைக் கேளுங்கள். நூறு பேர் துப்பாக்கி சிக்கினால் செய்தவனையும், வாங்கினவனையும், மருந்தை மாற்றக் கையெழுத்துப் போட்டவனையும் கேளுங்கள். சிக்கின துப்பாக்கியைக் கையில் பிடித்திருந்தவனின் வாக்குமூலம் முதலில் பதிவாகட்டும். காரியாலயத்தின் சமாதானம் அப்புறம் வரட்டும். கையெழுத்துப் போடுகிறவர், போடுவதற்கு முன் அதே துப்பாக்கியைச் சேற்றில் புரட்டி எடுத்து, நூறு தோட்டா தாமே சுட்டுப் பார்க்கட்டும்.

அவள் கூடம் கோணல் என்றால் சிரிக்காதீர்கள். நூல் குண்டை எடுத்துக்கொண்டு வாருங்கள்.