வெள்ளியில் யார் பெயர்?

பென்னலூரில் பெங்களூர் நெடுஞ்சாலை ஓரமாக ஷிப்ட் மாறும் நேரத்தில் நின்று பாருங்கள். கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் பெண்களின் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். இவர்கள் செய்யும் பொருட்களில் ஆன்மா இல்லை என்கிறார்கள் நம் இலக்கிய நண்பர்கள். ஆன்மா வேண்டுமென்றால் பழம்பொருள் ஏலத்துக்குத்தான் போக வேண்டுமாம்.

சரி, போவோம். ஆங்கிலேயப் பிரபு வீட்டு மெழுகுவர்த்திச் சாமான்கள்: வெள்ளித் தண்டு, சுடரை அணைக்க ஒரு கூம்புக் குல்லாய், திரி வெட்டும் கத்தரி, அதை வைக்கத் தனித் தட்டு. கத்தரியின் அலகில் ஒரு குட்டிப் பெட்டி. வெட்டிய கரி அதற்குள் விழும். "அடடா, என்ன கைவேலை!" என்று உருகுகிறோம். அது எதற்கு என்று மட்டும் கேட்பதில்லை. அந்தக் காலத்துத் திரி தானாக எரிந்து தீராது. கருகி நீண்டு புகையும். விருந்து முடிகிறவரை யாராவது அதை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த 'யாராவது' வீட்டு வேலைக்காரர். 1820களில் பிரான்சில் பின்னல் திரி வந்தது. அதன் நுனி தானே வளைந்து சுடரிலேயே எரிந்துவிடும். கத்தரிக்கு வேலை போனது, கலைப்பொருள் ஆகிவிட்டது.

அடியைப் புரட்டிப் பாருங்கள். நடக்கும் சிங்கம் என்றால் 92.5 சதவீத வெள்ளி. சிறுத்தைத் தலை என்றால் லண்டன். ஓர் எழுத்து, ஆண்டைச் சொல்லும். 1784க்கும் 1890க்கும் இடைப்பட்டது என்றால் அரசர் தலையோ அரசி தலையோ இருக்கும்: வரி கட்டியாச்சு. இனிஷியல் பட்டறை முதலாளியுடையது. மேலே பிரபுவின் குலச்சின்னம். உட்கார்ந்து தட்டியவர் பெயர்? அதற்கு மட்டும் இடமில்லை.

நம்மூர்க் கதையும் இதுதான். அண்ணா சாலையில் மணிக்கூண்டோடு நிற்கும் பி. ஆர் அண்ட் சன்ஸ், 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்களுக்கு 'சுவாமி சில்வர்' விற்றது. தேநீர்க் கூஜாவைச் சுற்றி நம் சாமிகள். சாமியை உளியால் எழுப்பியது தமிழ்நாட்டுக் கை. முத்திரை 'ஆர்'.

"அது அந்தக் காலம் பாஸ்" என்பீர்கள். ஐபோன் பெட்டியைத் திருப்புங்கள். வடிவமைத்தது கலிஃபோர்னியாவில் ஆப்பிள். கோர்த்தது 'இந்தியாவில்'. அங்கே கம்பெனிக்குப் பெயர் இருக்கிறது, இங்கே தேசம் மட்டும்தான்.

லட்சக்கணக்கில் தயாராகும் பொருளில் பெயரெல்லாம் சாத்தியமா என்று கேட்காதீர்கள். நான் மென்பொருள் எழுதுபவன். என் ஒவ்வொரு வரியிலும் என் பெயரும் தேதியும் ஒட்டியிருக்கும். அதை எடுத்துக் காட்டும் கட்டளையின் பெயரே 'பிளேம்', அதாவது பழி. தொழிற்சாலையிலும் ஒரு சீரியல் நம்பரை வைத்து எந்த லைன், எந்த ஷிப்ட் என்று பிடித்துவிட முடியும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ஒரு விளக்குக்கு 96 ஆடு. தினம் உழக்கு நெய் அளக்க வேண்டிய இடையரின் பெயர் கல்லிலேயே இருக்கிறது, நெய் வராவிட்டால் யாரைக் கேட்பது என்பதற்காக. 1363இல் இங்கிலாந்து பட்டறை முத்திரையைச் சட்டமாக்கியதும் மட்ட வெள்ளி விற்பவரைப் பிடிக்கத்தான்.

ஆக, குறை வந்தால் தேடிப் பிடிக்கப் பெயர் வேண்டும். பெருமை என்று வரும்போது மட்டும் அது காணாமல் போகும். இதுதான் ஏற்பாடு.

இந்த ஏற்பாட்டை எதிர்த்துத் தொழிலாளிகளே பெயர் கேட்டால் என்ன ஆகும்? அதே நெடுஞ்சாலையில் சற்றுத் தள்ளி, சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. 37 நாள் நடந்தது. சங்கத்தை அங்கீகரிப்பது முக்கியக் கோரிக்கை. சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' வரக்கூடாது என்றது நிர்வாகம். ஃப்ரிட்ஜில் ஒட்டலாம், டிவியில் ஒட்டலாம், அதைச் செய்கிறவர்கள் சொல்லிக்கொள்ளக் கூடாது! விஷயம் உயர்நீதிமன்றம்வரை போய், 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவானது.

அந்த 37 நாளும் நம் இலக்கியக் குழுக்களில் என்ன பேசிக்கொண்டிருந்தோம்? நானும் ஒன்றும் எழுதவில்லை. வெள்ளிக் கத்தரியைப் பார்த்து உருகத் தெரிந்த நமக்கு, திரி வெட்டியவரைப் பற்றி யோசிக்கத் தெரியவில்லை. பொருட்களின் ஆன்மா பற்றி அடுத்த கட்டுரை எழுதப் போகிறவர்கள், அந்தச் சங்கப் பதிவிலிருந்து தொடங்குங்கள். ஏலப் பட்டியல் எங்கும் ஓடிப்போகாது.