விஷத்துக்கு ஏன் அந்தப் பேர்?

போன தை மாசம், எங்க தோப்புக்குப் பக்கத்துக் கொல்லையில் முந்திரி பூத்திருந்த நேரம். தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு ஒரு தம்பி வந்தார். முகத்தில் ஒரு துணிகூட இல்லை. "மூக்கை மூடிக்கப்பா" என்றேன். "மருந்துதானே சார், என்னா பண்ணிடும்?" என்று சிரித்தார்.

அந்தப் பதில் என்னை இன்னும் விடவில்லை. அவர் மேல் தப்பில்லை. வங்கியில் இருந்த காலத்தில் பயிர்க்கடன் மனுக்களில் 'பூச்சி மருந்து' என்ற வரிக்கு நேரே தொகை எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். மருந்துச் செலவு என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

திருக்குறளில் 'மருந்து' என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது, 95ஆவது. பத்துக் குறளிலும் ஒரு மூலிகையின் பேர் வராது. முன்னே தின்றது செரித்ததா, பசிக்கிறதா, அளவு என்ன என்பதுதான் பெரும்பாலும் பேச்சு. கடைசிக் குறளில் நோயாளி, வைத்தியர், மருந்து, கூட இருந்து பார்த்துக்கொள்பவர் என்று நாலும் சேர்ந்ததுதான் மருந்து என்கிறார். திரிகடுகம், ஏலாதி, சிறுபஞ்சமூலம் என்று நீதி நூல்களுக்கே மருந்துப் பேர் வைத்த மொழி நம்முடையது.

அதுக்காக இந்தச் சொல் என்றைக்கும் சுத்தமாகவே இருந்தது என்று சொல்ல மாட்டேன். வெடிமருந்து இருக்கிறது, எலி மருந்து இருக்கிறது, சோத்துல 'மருந்து வச்சிட்டா' என்கிற ஊர்ப்பேச்சும் இருக்கிறது. ஆனால் அங்கெல்லாம் கேட்கிறவனுக்கு ஆபத்து புரியும். 'மருந்தடிக்கிறேன்' என்னும்போதுதான் புரியாமல் போகிறது. மலையாளத்திலும் இதே சொல்தான். காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் வந்து எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். உச்ச நீதிமன்றம் 2011இல் அதைத் தடை செய்வதற்குள் எத்தனை வீடுகள் பாழாகிவிட்டன!

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். முக்கோணம் சிவப்பாக இருந்தால் மண்டையோடும் கூடவே இருக்கும். அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பச்சை என்றால் இயற்கை என்று நினைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதுவும் விஷத்தில் ஓர் அளவுதான்.

நம்ம ஆட்களும் வேப்பங்கொட்டைக் கரைசலை 'இயற்கை மருந்து' என்கிறோம். கரைசலைக் கரைசல் என்றே சொல்லலாமே?

இப்போதெல்லாம் டவுன்ஷிப் டீக்கடையில் யாராவது "என்னா மருந்து அடிச்சீங்க சார்?" என்றால், "விஷம் எதுவும் அடிக்கல" என்கிறேன். சிலர் முறைக்கிறார்கள். அந்தத் தம்பி மட்டும் மாசியில் ஒருநாள் வேலியோரம் வந்து நின்றார்.

"சார், நாளைக்கு விஷம் அடிக்கணும். முகத்துக்குக் கட்ட ஏதாவது இருக்கா?"