நினைவுக்கெட்டாத காலம்

என் மேசைக்கு வரும் கட்டுரைகளுட் பல 'தொன்றுதொட்டு' என்னுஞ் சொல்லுடனேயே தொடங்குகின்றன. தொன்றுதொட்டு எங்கள் ஊரிலே கூத்து ஆடப்பட்டு வருகின்றது என்கிறார் ஓர் அன்பர். எக்காலந் தொட்டு என்று வினவி எழுதினேன். 'நினைவுக்கெட்டாத காலந் தொட்டு' என மறுமொழி வந்தது! 'ரைம் இம்மெமோறியல்' என்ற ஆங்கிலத் தொடரின் நேர் நிழல் இது.

அந்த ஆங்கிலத் தொடருக்கோ அந்நாட்டு நீதிமன்றங்களிலே நாளும் மாதமும் ஆண்டும் உண்டு. காணி வழக்காடுவோர் முதலாம் றிச்சேட்டின் ஆட்சிக்கு முற்பட்ட அனுபவத்தை ஆதாரமாகக் காட்டலாகாது என்று, 1275 ஆம் ஆண்டில், முதலாம் எட்வேட் காலத்து வெஸ்ற்மினிஸ்ரர்ச் சட்டம் எல்லை கோலியது. றிச்சேட் முடிசூடிய நாள் 1189 செப்ரெம்பர் 3. அந்நாளுக்கு முற்பட்டதே சட்டத்தின் நினைவுக்கு எட்டாத காலம். எல்லை கோலியபோது இடைவெளி 86 ஆண்டுகளே; ஒருவர் தாம் கண்டதும் தந்தை சொல்லக் கேட்டதும் எட்டக்கூடிய தொலைவு. பின்னர் எல்லைக்கல் அசையவில்லை. காலம் மட்டும் நகர்ந்தது. எண்ணூறாண்டுப் பழைமையை எவர் நாட்டுவார்? இருபதாண்டுப் பாவனையைக் கண்டே நீதிபதிகள் பழைய உரிமையை ஊகிக்கலாயினர். வழியுரிமை முதலியவற்றுக்கு 1832 ஆம் ஆண்டுச் சட்டமும் இருபதாண்டுக் கணக்கொன்றை வகுத்தது. இலங்கையில் 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டம் கேட்பது பத்தாண்டுத் தடையற்ற அனுபவமே.

இளமையில் ஓர் ஒழுங்கை வழக்கைப் பார்க்கப் போயிருந்தேன். வழியுரிமை கோரியவர் 'தலைமுறை தலைமுறையாக' என்று பலமுறை சொன்னார். நீதிபதி எழுதுகோலை எடுக்கவேயில்லை. அடுத்து வந்த மூதாட்டி, தன் மூத்த மகன் பிறந்த இரவில் மருத்துவிச்சி அவ்வொழுங்கையாலேயே வந்தாள் என்றாள். மகனின் பிறப்புப் பத்திரமும் கையிலிருந்தது. அப்போதுதான் எழுதுகோல் அசைந்தது.

எமது பழைமையைப் பிறர் ஐயுறும்போதெல்லாம் நாம் சினக்கிறோம். சினம் நியாயமானதே. ஆயினும் பிறப்புப் பத்திரத்தை யார் தேடுகிறார்கள்? 'தொன்றுதொட்டு' என்று எழுதியவர் தேடுவதில்லை. அச்சொல்லே அவருக்கு விடுமுறை அளித்துவிடுகின்றது.

கூத்துக் கட்டுரையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். யார் யாரிடம் பயின்றார், எந்தக் கோயில் முன்றிலில் எந்த ஆண்டு ஆடினார், ஏட்டுப் பிரதி எவர் வீட்டில் இருக்கிறது என்று விசாரித்து எழுதும்படி கேட்டிருக்கிறேன். அவ்வூரின் மூத்த அண்ணாவியார் தொண்ணூறு வயதைத் தாண்டிவிட்டார். இன்னும் தெளிவாகவே பேசுகிறாராம்.