தாம்பத்தியத்தைத் தொடும் தொய்வும் வீட்டுக்குள் நிலவும் மௌனமும்

பிரித்தானியாவில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் தொய்வு, அதாவது ஆஸ்துமா, இன்றும் மறைக்கப்படும் நோயாகவே இருந்து வருகிறது. சம்பந்தம் பேசும்போது அது பேசப்படுவதில்லை. திருமணமாகி மாதங்கள் கடந்த பின்னரும் பம்பைக் கைப்பைக்குள் ஒளித்து வைத்திருக்கும் பெண்களும், குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு மருந்தை இழுக்கும் ஆண்களும் உளர். இந்த ஒளிப்பு கடைசியில் தாம்பத்தியத்தைத்தான் தாக்குகிறது.

தொய்வு இரவிலும் விடியற்காலையிலும் கூடும் இயல்புடையது. உடலுறவுக்கு வேண்டிய உழைப்போ இரண்டு மாடிப் படிகளை ஏறுவதற்கு ஏறத்தாழ ஒப்பானது. மூச்சு வேகமாகும்போது சுவாசக் குழாய்கள் சுருங்குகின்றன. நெஞ்சு இறுகுகிறது, இருமல் எழுகிறது. ஒருமுறை அவ்வாறு நேர்ந்தவர் மறுமுறை அஞ்சுகிறார். அந்த அச்சமே மூச்சை மேலும் குழப்புகிறது. விலகிப் படுப்பவரின் உள்ளத்தில் இருப்பது மூச்சைப் பற்றிய பயம். துணைக்கோ அது வெறுப்பாகத் தெரிகிறது. காரணம் சொல்லப்படாத வீட்டில் சந்தேகம் குடியேற அதிக காலம் எடுப்பதில்லை.

இத்தனைக்கும் இது பெரும்பாலும் கட்டுப்படுத்தக்கூடிய நோய். நெருக்கத்தின்போது அடிக்கடி இழுப்பு வருவது, நோய் கட்டுப்பாட்டில் இல்லை என்பதன் அறிகுறி. நீல நிறப் பம்பை மட்டும் நம்பியிருப்பது போதாது என்று 2019ஆம் ஆண்டிலேயே சர்வதேச வழிகாட்டல் மாற்றப்பட்டது. 2024 நவம்பரில் பிரித்தானிய வழிகாட்டலும், 12 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு அழற்சியைத் தணிக்கும் ஸ்டீரொய்ட் கலந்த பம்பை முன்வைத்தது. ஸ்டீரொய்ட் என்ற சொல்லைக் கேட்டதும் ஆண்மை குன்றும், பிள்ளை தங்காது எனப் பயந்து அதைக் குப்பையில் போடுவோர் உண்டு. நீண்டகாலம் விழுங்கும் ஸ்டீரொய்ட் மாத்திரை ஆண் ஹோர்மோனைக் குறைக்கக்கூடும் என்பது உண்மைதான். வழக்கமான அளவில் உள்ளிழுக்கும் மருந்து அதற்கு ஈடானதன்று. கர்ப்பகாலத்திலும், மருந்தை விடக் கட்டுப்பாடற்ற தொய்வே தாய்க்கும் சேய்க்கும் கூடிய ஆபத்து. இறப்பர்ப்பால் ஒவ்வாதவருக்குச் சாதாரண ஆணுறையே இழுப்பைத் தூண்டலாம். அது கலவாத ஆணுறைகள் மருந்தகங்களில் கிடைக்கின்றன.

ஆனால் இவற்றை வைத்தியரிடம் யார் கேட்பது? ஆங்கிலம் போதாத பெற்றோர், மகனையோ மகளையோ மொழிபெயர்ப்புக்கு அழைத்துச் செல்வது வழக்கமாகிவிட்டது. பாடசாலைச் சீருடையில் அருகே அமர்ந்திருக்கும் 14 வயதுப் பிள்ளையின் வாய்வழியே எந்தத் தாய் இதைக் கேட்பாள்? கேள்வி அங்கேயே செத்துவிடுகிறது. இங்கிலாந்தில் தேசிய சுகாதார சேவையின் மொழிபெயர்ப்பு வசதிக்கு நோயாளர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. உடனடிச் சிகிச்சை தேவைப்படும் நிலை தவிர, 16 வயதுக்குட்பட்டோரை அப்பணிக்குப் பயன்படுத்தலாகாது என 2018ஆம் ஆண்டு வழிகாட்டல் தெளிவாகவே கூறுகிறது. இருந்தும் பிள்ளைகள்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இளையோர் செய்யக்கூடிய பேருதவி, சந்திப்புக்கு நேரம் பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும், அவர் ஆணா பெண்ணா என்பதையும் சொல்லிவிட்டு, தாம் வெளியே காத்திருப்பது. மொழிபெயர்ப்பாளர் தெரிந்தவராக இருந்துவிட்டால், கதை கோயில் வீதி வரை போய்விடுமே என்ற தயக்கம் சிறிய சமூகத்தில் நியாயமானதே. அவர்கள் தொலைபேசிவழி மொழிபெயர்ப்பைக் கேட்கலாம்; மறுமுனையில் இருப்பவர் வேறொரு நகரத்தவராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.