டப்பா என்று தள்ளிவிட வேண்டாம்

டர்ன்டேபிள் ப்ரீஆம்ப் வெறும் சத்தம் கூட்டும் டப்பா, அதைக் கிட்டாக வாங்கி சால்டர் செய்வது வேலையற்ற வேலை என்கிறார் நண்பர். கூட்டுவது மட்டும்தான் வேலை என்றால் அவர் கட்சி ஜெயித்தது. இசைத்தட்டிலோ பாட்டு உள்ளபடியே வெட்டப்படுவதில்லை. பேஸை அடக்கி, ட்ரெபிளை ஏற்றித்தான் வெட்டுகிறார்கள். பேஸை அடக்காவிட்டால் பள்ளங்கள் அகன்று, தட்டில் இடம் போதாது. இந்த அடக்கல்-ஏற்றலுக்கான அளவுகோல் 1954-இல் வந்த ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு; அதை வீட்டில் ப்ரீஆம்ப் அப்படியே தலைகீழாக்க வேண்டும். 1000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 20 ஹெர்ட்ஸில் சுமார் 19 டெசிபல் ஏற்றம், 20,000 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட அதே அளவு இறக்கம்.

இதைச் செய்வது சில ரெசிஸ்டர்களும் கெபாசிட்டர்களும்தான். 10 சதவீதம் பிசகுகிற மலிவு செராமிக்கைப் போட்டால் வளைவு கோணும். இடதும் வலதும் வேறுவேறாகக் கோணினால் பாடகர் நடுவில் நிற்க மாட்டார். மீட்டரில் அளந்து, ஒத்த மதிப்புள்ள ஜோடியாகப் பொறுக்கிப் போடும் பொறுமை கிட் கட்டுபவனுக்கு உண்டு. மலிவுப் பெட்டி செய்பவருக்கு அது கட்டுப்படியாகாது. (ஒலியைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் சிப்பை மட்டும் விலை உயர்ந்ததாக மாற்றிவிட்டு 'திரை விலகியது' என்பவர்களோடு எனக்கும் ஒட்டுறவு இல்லை.)

கடைப்பெட்டி இரையாதாம், அதுவும் நண்பர் சொல்வதுதான். ஊசியைத் தாங்கும் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் தருவதே சுமார் 5 மில்லிவோல்ட். டிரான்ஸ்ஃபார்மர் அருகில் இருந்தால் கடைப்பெட்டியும் முனகும். கிட்டில் டிரான்ஸ்ஃபார்மரை வெளியே தள்ளலாம், எர்த்தை ஒரே புள்ளியில் கட்டலாம். கார்ட்ரிட்ஜை மாற்றினால் இன்புட் கெபாசிட்டரையும் மாற்றிக்கொள்ளலாம்.

காசு மிச்சமா என்றால், இல்லை. அலுமினியப் பெட்டி ஒன்றே பட்ஜெட்டைத் தின்றுவிடும்.